டிவி மூலையில் தெரியும் டைம்

என் அப்பாவை வீட்டுக்குள் உட்கார வைக்க எனக்கு ஒரு நல்ல ஆன்டெனா வேண்டும். இதைச் சொன்னால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய அப்பாக்கள் வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நைனாவின் பெயர் யோபு. மணவூர் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்து ரிடயர் ஆனவர். இப்போது அவருக்கு ஞாபகம் கலைந்துவிட்டது. நான் அவர் மகள் யூனிஸ் என்பது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஆனால் ரயில் வரும், கேட்டை மூட வேண்டும் என்பது மட்டும் மறக்கவே இல்லை. திருத்தணியில் எங்கள் தெருவைத் தாண்டினால் தண்டவாளம். போன வருஷம் அதன் நடுவில் பச்சைத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கீரை விற்கும் அம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

ஒருநாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். "வண்டி வருது, தொறங்கடா" என்று கத்தி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் பூட்டைத் தொடவில்லை.

அவரை உட்கார வைப்பது ஒன்றே ஒன்றுதான்: நியூஸ் சேனல். செய்தியை யார் கேட்டார்கள்? திரையின் மூலையில் மணி தெரியும் அல்லவா, அதைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் நேரம் கீது" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

"அது வூட்டு டைமு. இதான் டிபார்ட்மென்ட் டைமு."

மூலையில் மணி மறைந்தால் போச்சு. செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

என் வீட்டுக்காரர் இஸ்ரேலுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஊசி குத்தும்போதுகூட என் நினைப்பு டிவி ஓடுகிறதா என்பதில்தான் இருக்கும். மேகம் கறுத்தால் ஊரே சந்தோஷப்படும். நான் மட்டும் டிவி நின்றுவிடுமோ என்று வீட்டுக்கு ஓடி வருவேன்.

முதலில் கேபிள்தான் இருந்தது. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக்கு இடிக்கிறது என்று வயரைச் சுருட்டி மேலே கட்டுவார்கள். கட்டும்போது எங்காவது அறுப்பார்கள். அதை எடுத்துவிட்டு, டிவிக்குப் பக்கத்திலேயே வைக்கிற இரண்டு கம்பி ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். டிஷ் மாட்டுகிற ஆல்பின் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, சென்னை டவர் எங்க கீது, நம்ம எங்க கீறோம்? நடுவுல மலை வேற நிக்குது. இதுல வராதுக்கா."

"மங்கலா வந்தாகூட போதும் ஆல்பின். மூலையில டைம் தெரிஞ்சா சரி."

"மங்கலா வர்றதெல்லாம் அந்தக் காலம்க்கா. இது டிஜிட்டல். வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது."

அந்தக் காலம் எனக்குத் தெரியும். மணவூர் குவார்ட்டர்ஸில் நைனா மேலே ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். நான் வாசலில் நின்று சொல்ல வேண்டும். "தெரியுதாம்மா?" "இல்ல நைனா, இன்னும் கொஞ்சம்." புள்ளிகளுக்கு நடுவே முகம் தெரிந்ததும் "அப்படியே வுடு நைனா" என்று கத்துவேன். அதைக் கேட்டால்தான் கையை எடுப்பார்.

கடைசியில் டிஷ் என்று முடிவானது. சின்ன டிஷ் மழை வந்தால் படுத்துவிடும் என்றான் ஆல்பின். அதனால் பெரியது. எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. சுவரில் உயரமாக மாட்டலாம் என்றான் அவன். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் பக்கத்து வீட்டு டிஷ்ஷில் தொங்கி அதைத் தரையைப் பார்க்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

"மாடித் தரையில கான்கிரீட் போட்டு, குட்டையா, கெட்டியா நிறுத்து. எந்தக் கொரங்கு வந்தாலும் அசையக் கூடாது."

"கையெட்டுற உயரத்துல இருக்குமேக்கா."

"எங்க மாடிக்கு யாரு வர்றா?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குரங்கை நினைத்தவள் மனுஷரை நினைக்கவில்லை.

ஆர்.கே.பேட்டையிலிருந்து துளசிங்கம் அண்ணனும் வள்ளியம்மாள் அக்காவும் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு வந்து எங்கள் மாடியில்தான் தங்குவார்கள். நெசவுக்காரர்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் காவடி எடுக்கிறவர்கள். நைனா நன்றாக இருந்த காலத்திலிருந்தே இது வழக்கம். இந்த வருஷமும் வந்தார்கள். வந்ததும் நைனாவுக்கு ஒரு புதுத் துண்டு கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, கொடி மாதிரி ஒருமுறை உதறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிருத்திகை அன்று இஸ்ரேலுக்கு லீவு இல்லை. ஸ்பெஷல் வண்டிகள் விடும் நாள் அது. எனக்கும் லேபில் மாற்று ஆள் இல்லை. டிவியைப் போட்டு, சாப்பாட்டை மூடி வைத்து, "நைனா, இங்கயே உக்காந்துகினு இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன். வெயில் நன்றாக அடித்தது. மழை இல்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தேன்.

மதியம் ஓடி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. டிவி முழுக்க நீலம். 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் நடுவில். நாற்காலி காலி. செருப்பும் இல்லை.

எப்படித் தண்டவாளத்துக்குப் போனேன் என்று தெரியாது. தெருவெல்லாம் மஞ்சள் துணி, அரோகரா சத்தம். எதிரே வந்த காவடியில் மோதி, "கண்ணு தெரியலியா?" என்று திட்டு வாங்கினேன். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கேயோ ஹாரன் கேட்டது. வண்டி கடந்து போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் வெறும் தண்டவாளம். அதைப் பார்த்து அழுதேன்.

போலீஸ் பூத்தில் சொன்னேன். மைக்கில் பெயர் சொன்னார்கள். அத்தனை கூட்டத்தில் அது யார் காதில் விழும்? இஸ்ரேலுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. அப்போதுதான் துளசிங்கம் அண்ணன் கூப்பிட்டார்.

"யூனிஸம்மா, நாங்க இப்பதான் மலையிலேர்ந்து எறங்கி வந்தோம். நைனா மாடியில நின்னுகினு கீறாரு. கூப்ட்டா வரமாட்டேன்றாரு."

வீட்டுக்கு ஓடி மாடிப்படி ஏறினேன். மேலே, கொதிக்கிற வெயிலில், நைனா டிஷ்ஷின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கைப்பிடிச் சுவரில் ஈர வேட்டிகளும் புடவையும் அழகாக மடித்து வைத்திருந்தார்.

வள்ளியம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தாம்மா காய போட்டேன். கொளத்துல குளிச்சிட்டு வந்து, கையெட்டுற மாரி கீதேன்னு அதும்மேலயே போட்டுட்டேன். இது மறைக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

துணியை எடுத்ததோடு விட்டிருந்தால் படம் தானாக வந்திருக்கும். நைனா விடவில்லை. காலமெல்லாம் கேட்டை ஏற்றி இறக்கச் சக்கரம் சுற்றிய கை. குரங்குக்கு அசையாத டிஷ் அந்தக் கைக்கு அசைந்து, இப்போது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நைனா, வா, எறங்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் குனிந்து, தொண்டை கட்டிய குரலில் கத்தினார். "தெரியுதாம்மா?"

எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரமும் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவள் தண்டவாளத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கீழே ஓடினேன். டிவி நீலமாகவே இருந்தது. வாசலில் நின்று, இருக்கிற குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"தெரியுது நைனா! அப்படியே வுடு! எறங்கி வா!"

இறங்கி வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்தன. நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரையின் மூலையைப் பார்த்தார்.

"டைம் காணோமே."

செருப்பு இன்னும் அவர் காலிலேயே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அதைக் கழற்றினேன்.

"கேட் மூடியாச்சி நைனா."

"யாரு மூடினது?"

"நான்தான்."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கொக்கி போட்டியா?" என்றார்.

"ஆங், போட்டேன்."

"அப்ப சரி" என்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அரக்கோணம் பக்கமிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நைனா கண்ணைத் திறக்கவில்லை. நான்தான் எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.