வெள்ளிக்கிழமை இரைச்சல்

மற்ற நாளெல்லாம் ஒழுங்காகத் தேறுகிற ஒளிப்பெருக்கிகள் வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கெட்டுப்போகின்றன? பாயான் பாரு தொழிற்சாலையில் மூன்றாம் சோதனை மேசை என் பொறுப்பு. ஐந்து வாரமாக இதே தலைவலி.

என் சந்தேகமெல்லாம் ஹைக்கல் மேல்தான். கண்ணாடி இழையின் முனையைத் துடைப்பது அவன் வேலை. அதில் துளி தூசி இருந்தால் போதும், வெளியே போகவேண்டிய ஒளியில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். பெருக்கி அதையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளும். திரையில் இரைச்சல் கோடு எகிறும், பெருக்கிப் பெட்டி சோதனையில் தேறாது. தொழுகைக்குப் போகிற அவசரத்தில் அரைகுறையாகத் துடைக்கிறான் என்று முடிவு கட்டினேன். வேண்டுமென்றே செய்கிறானோ என்றுகூடத் தோன்றியது. என் புத்தி அப்படி. இந்த மாதக் கடைசியில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று மேலாளர் என்னைத்தான் கேட்டார். வேண்டாம் என்று நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன்.

இன்று கையும் களவுமாகப் பிடிக்க அவன் பின்னாலேயே நின்றேன்.

"என்ன ஜெயாக்கா, போலீஸ் மாதிரி நிக்கிறீங்க?"

"நீ தொடைலா. நான் பாக்கணும்."

துடைத்தான். நுண்ணோக்கியில் பார்த்தேன். முனை பளிச்சென்று இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. முனைக்கு மூடியைப் போட்டுவிட்டு அவன் தொழுகைக்குக் கிளம்பினான்.

நான் நகரவில்லை. யாரும் மேசைப் பக்கம் வரவும் இல்லை. இந்த ஐந்து வாரமாக வெள்ளிதோறும் செய்வதுபோல, காலையில் தண்ணீர்மலைக் கோயிலில் வாங்கிய திருநீற்றை எடுத்து, "முருகா, இன்னிக்காவது காப்பாத்து" என்று பெட்டியின் தலையில் ஒரு சிட்டிகை வைத்தேன். பிறகு மூடியைக் கழற்றி இழையைச் செருகினேன். கோடு எகிறியது.

உருவி மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். முனையெல்லாம் பொடி. என் கையுறையைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் திருநீறு தெரியவா போகிறது? முகர்ந்தேன். கோயில் வாசனை.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொழுகை முடிந்து வந்த ஹைக்கல் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"மறுபடியும் ஃபெயிலா? நான்தான் சரியா தொடைக்கலபோல. ரிப்போர்ட்ல என் பேரையே போட்டுடுங்கக்கா. நீங்க ஏன் ஏச்சு வாங்கணும்?"

"போட்டாச்சு தம்பி," என்றேன். "நேத்தே போட்டாச்சு."

அவன் சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு, மேலாளருக்குப் போன் போட்டேன்.