ஆயுத பூஜைக்கு மறுநாள் நின்ற மெஷின்

அந்த மெஷின் செத்துவிட்டது என்று மூன்று இன்ஜினியர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சாகவில்லை என்று சொன்னது நான் ஒருத்திதான். நான் இன்ஜினியர் இல்லை, வெறும் டிப்ளமோ. வடமதுரை ரோட்டில் இருக்கும் எங்கள் பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருஷமாக லேப் இன்ஸ்ட்ரக்டர். பெயர் அழகம்மாள். கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்பார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்கள் பெருந்தன்மை.

மெஷின் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். டேபிள் மேல் உட்கார்ந்துவிடும் சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின். கம்ப்யூட்டரில் புரோகிராம் போட்டால் போதும், அதுவே நகர்ந்து அலுமினியத்தையும் பித்தளையையும் சொன்ன அளவுக்குக் குடைந்து தரும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அதுவும் வந்தது. பதினோரு வருஷம் ஒரு தொந்தரவு தரவில்லை. அதை ஓட்டியவர் நிலக்கோட்டைக்காரரான பழனிக்குமார் அண்ணன். அவர் கை பட்டால் அந்த மெஷின் சொன்னபடி கேட்கும்.

அப்புறம் ஒரு ஆயுத பூஜை வந்தது. பூஜையில் வைத்த மெஷினை மறுநாள் விஜயதசமி காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது எங்கள் லேப் வழக்கம். அன்றைக்குப் பழனியண்ணன் சுவிட்சைப் போட்டார். 'ஹோம் எரர்' என்று திரையில் வந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. கவனக்குறைவால் கன்ட்ரோல் கார்டை எரித்துவிட்டார் என்று எங்கள் துறைத்தலைவர் சோலைமலை சார் அவருக்கு மெமோ கொடுத்தார். லேப்பிலிருந்து தூக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாக்பீஸும் துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

என் வாயைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? ஸ்டோர்ஸுக்குப் போகும்போதெல்லாம், "மெஷினைக் கொன்ன புண்ணியவான் எங்க?" என்று கேட்பேன். விளையாட்டுக்குத்தான். அவரோ நான் கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

இந்த வருஷம் எடைக்குப் போடும் லிஸ்ட்டில் அந்த மெஷினின் பெயர் வந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நேரே சோலைமலை சார் அறைக்குப் போனேன்.

"சார், கன்ட்ரோல்தான் பழசு. ஸ்க்ரூ, மோட்டார், மேசை எல்லாம் நல்லாவே இருக்கு. யானை படுத்தாலும் குதிரை மட்டம்."

"மேடம், அந்தக் குதிரையை எடைக்குப் போட்டாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை லாரி வருது."

"அதுக்குள்ள ஓட்டிக் காட்டிட்டா?"

அவர் சிரித்தார். "காட்டினா லாரியை வெறுமனே திருப்பி அனுப்புறேன். காட்டலைன்னா, மெஷின் செத்துப்போச்சுன்னு நீங்களும் கையெழுத்துப் போடணும்."

"போடுறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்த சிரிப்புக்காகவே அதை ஓட்டியாக வேண்டும் என்று இருந்தது.

பேகம்பூரில் அக்பர் அலி என்று ஒரு தம்பி, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின்களின் போர்டைப் பழுது பார்க்கிறவன். ஊசி ஓடினாலும் கட்டர் ஓடினாலும் மோட்டார் மோட்டார்தானே என்று அவனைக் கூப்பிட்டேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வந்துவிடுவான். பீரோ மாதிரி நின்ற பழைய கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தோம். அதன் இடத்துக்கு வந்தது உள்ளங்கை அகல போர்டு ஒன்றும், மூன்று மோட்டாரை ஓட்ட மூன்று டிரைவர் பெட்டியும். லைப்ரரியில் ஒதுக்கிப் போட்டிருந்த லேப்டாப்பில் இலவச சாஃப்ட்வேரை ஏற்றினோம். அவன் ஒயரைப் பார்த்துக்கொண்டான், நான் இரும்பைப் பார்த்துக்கொண்டேன். மேசையையும் தலையையும் நகர்த்தும் நீள ஸ்க்ரூ மூன்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு மறுபடி மாட்டியது நான். கட்டர் சுற்றத் தொடங்கியதும், அதன் கரன்ட் இரைச்சல் மற்ற ஒயரில் கலந்து மேசை தானாகத் துள்ளியது. ஒயரையெல்லாம் ஷீல்டு, அதாவது கம்பி வலை உறை, போட்டதாக மாற்றி எர்த் கொடுத்ததும் அது அடங்கியது. ஒரு போல்ட்டுக்குக்கூட நான் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

புதன்கிழமை மேசை இடம் வலம் போனது, தலை மேலும் கீழும் போனது. நான் கைதட்டினேன். "எங்க பார்ப்போம்க்கா, ஹோமுக்குப் போகச் சொல்லுவோம்," என்று அக்பர் அலி பட்டனைத் தட்டினான்.

ஹோம் எரர்.

அவன் கழற்றி வைத்த பழைய பெட்டியையும் புது போர்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, இது கார்டு இல்ல. இந்தக் கார்டு புதுசு. பழைய கார்டும் இதையேதான் சொல்லியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்க."

மெஷின் எங்கேயிருந்து அளவு எண்ணத் தொடங்க வேண்டுமோ அந்த இடத்துக்குத்தான் ஹோம் என்று பெயர். அந்த இடம் வந்ததைச் சொல்ல, பின்னால் கவட்டை மாதிரி ஒரு சென்சார் இருக்கும். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். மேசையோடு வரும் தகடு அந்த வெளிச்சத்தை மறைத்தால், வந்து சேர்ந்துவிட்டோம் என்று மெஷின் நின்றுகொள்ளும். அக்பர் அலி பின்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இது என்னக்கா, கிரீஸா?"

ஸ்க்ரூடிரைவர் முனையில் ஒரு கட்டியைப் பெயர்த்துக் காட்டினான். செங்கல் மாதிரி இறுகியிருந்தது. சுற்றிலும் மஞ்சள், நடுவில் சிவப்பு. மோந்து பார்க்க அவசியமே இல்லை. சந்தனமும் குங்குமமும். வைத்தவள் நான்.

அந்தச் சென்சாரின் தலையில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். அதுதான் அந்த மெஷினின் உயிர் என்று எனக்கு ஒரு நினைப்பு. மற்றவர்கள் மேலே பெயர்ப் பலகைக்குப் பொட்டு வைப்பார்கள். நான் மட்டும் மூடியைத் திறந்து, கைவிட்டு, உயிருக்கே வைப்பேன். பழசைத் துடைத்ததில்லை, அதன் மேலேயே வைப்பேன். அந்தக் கடைசி வருஷம் என் மகள் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். சந்தோஷத்தில் கை தாராளமாகிவிட்டது. வெளிச்சம் போகிற வழியை அடைத்தேவிட்டேன். மெஷினும் பாவம், ஹோமுக்கு வந்துவிட்டோம் வந்துவிட்டோம் என்று பதினோரு வருஷம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மூன்று இன்ஜினியர்களும் திரையைப் படித்தார்களே ஒழிய, மூடியைத் திறக்கவில்லை.

"அக்கா, ஏன் முகம் இப்படிப் போச்சு? புதுச் சென்சார் மாட்டிட்டா முடிஞ்சது. பழசு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க. யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

"எனக்கு ஞாபக மறதி ஜாஸ்திக்கா. ஆனா அடுத்த பூஜைக்கு என்னையும் கூப்பிடுங்க. எங்க வைக்கணும்னு நான் காட்டுறேன்."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. புதுசை மாட்டியதும் மெஷின் ஒழுங்காக ஹோமுக்குப் போய் நின்றது. பழைய சென்சாரைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சேவுகம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வழியெல்லாம் அந்தக் காகிதம்தான் மனசில் கிடந்தது. ஜெயித்துவிட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் முழுப் பெருமையும் எனக்குத்தான். பேசினால் பாதியாவது போய்விடும். பதினோரு வருஷம் நான் யாரைக் கேலி பண்ணினேன் என்று நினைத்தபோது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லாரி வாசலில் நின்றது. லேப்பில் துறை ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பட்டனைத் தட்டினேன். மேசை நகர்ந்து போய் ஹோமில் நின்றது. அலுமினியத் தகட்டில் கட்டர் இறங்கி, ஒரு முழு வட்டத்தைச் சீராகச் சுற்றி வெட்டிவிட்டு மேலே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்புட்டுப் பெருமை.

"மேடம், நம்ம காலேஜுக்கே பெருமை சேர்த்துட்டீங்க," என்றார் சோலைமலை சார். லாரிக்காரரைப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"ஒரு நிமிஷம் சார். பழனியண்ணனை வரச் சொல்லுங்க."

அவர் வந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். நான் அவர் பக்கத்தில் போய்க் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

"அண்ணே, கார்டு எரியவே இல்லை. இதுதான் அடைச்சிருந்துச்சு. சந்தனம். வச்சது நான்தான்."

அவர் அதைக் கையில் வாங்கி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப எதுக்கு மேடம்?" என்றார் சோலைமலை சார்.

"பழைய கதைதான் சார். ஆனா நீங்க எழுதினது தப்பு, நான் பேசினதும் தப்பு."

மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்தேன். மெஷின் நின்றதற்குக் காரணம் நான் வைத்த சந்தனமும் குங்குமமும், பழனிக்குமாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைச் சாரிடம் நீட்டினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கும் வேறு வழியில்லை. மெமோவை ரத்து செய்வதாக அடியில் எழுதினார்.

பழனியண்ணன் ரெண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என்னைத் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் என்னைத் தாண்டி மெஷினிடம் போனார். வெட்டிய வட்டத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பேக்லாஷ் எம்புட்டு?" என்று கேட்டார்.

ஸ்க்ரூ திசை மாறித் திரும்பும்போது மேசை நகராமல் விட்டுப்போகிற இம்மியளவு தூரத்தைக் கேட்கிறார். நான் அளந்து வைத்திருந்தேன்.

"இருபது மைக்ரான்ணே. இம்புட்டுப் பழைய மெஷினுக்கு நல்ல அளவுதான்."

அவர் மேசையின் ஓரத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தார்.

"நான் விட்டுட்டுப் போறப்பப் பன்னெண்டு," என்றார். "நட்டை நீ சரியா இறுக்கல. ஸ்பானரைக் குடு."

ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.