காப்புக் கட்டிய துப்பாக்கிகள்

1943 மாசியில் வேலாங்கரைப்பட்டியில் சுடப்பட்ட தோட்டாக்கள் 1948 பங்குனி வரை யார்மேலும் படவில்லை, கீழேயும் விழவில்லை. வண்டிப்பாதைக்கு மேலே, ஆளின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவான உயரத்தில், வெயிலிலும் மழையிலும் அப்படியே நின்றன. முதல் மாதம் ஊரார் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த மாதம் ஒதுங்கிப் போனார்கள். அதற்கப்புறம் பாதையோரத்து வீட்டுக் காத்தாயி இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே கயிறு கட்டிச் சேலை காயப்போட்டாள்; நல்ல காற்று என்றாள்.

அந்தத் தோட்டாக்களில் எதுவும் ஹவில்தார் ஆத்மநாதன் சுட்டது இல்லை. ஆவுடையார்கோவில் பக்கத்து ஆளான அவருக்குப் படையில் சேர்ந்த நாள்முதல் விதிகள்மேல் ஒரு காதல். ஒரு கூட்டத்தின்மேல் எப்போது துப்பாக்கியைத் தூக்கலாம், எப்போது கூடாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முதலில் வாயால் எச்சரிக்க வேண்டும், அடுத்து தமுக்கடித்து, அப்புறம் சிவப்புக் கொடி காட்டி. அதற்கும் கூட்டம் கலையாமல், யாராவது ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே சுடலாம். அதுவும் முழங்காலுக்குக் கீழே. வீட்டில் மூட்டைப்பூச்சியைக்கூட அவர் எச்சரிக்காமல் நசுக்கியதில்லை என்று மனைவி மீனம்மாள் சொல்வாள். கேலிதான், ஆனால் பொய் இல்லை.

அது யுத்த காலம். சமஸ்தானம் முழுக்க ஊர் ஊராக நெல்லை அளந்து வண்டியேற்றிக் கொண்டுபோக உத்தரவு வந்திருந்தது. வேலாங்கரைப்பட்டிக் கண்மாய் இரண்டு வருஷமாக நிறையவில்லை. மிஞ்சியிருந்தது விதைநெல்லும் பிள்ளைகளின் கஞ்சிக்கு வைத்திருந்ததும்தான். வண்டிகள் புறப்பட்ட அன்று பெண்கள் பாதையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். கலைப்பதற்கு ஆத்மநாதனை ஐந்தாறு சிப்பாய்களோடு அனுப்பினார்கள். அது அவருடைய மாமியார் ஊர் என்பதையோ, மீனம்மாள் தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் வந்திருக்கிறாள் என்பதையோ அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை. மாமியார் வீட்டுக்குத் துப்பாக்கியோடு போன மாப்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். மாமியார் செவந்தி தினமும் காலையில் படைக்கே கேப்பைக்கூழும் கருவாடும் கொடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்தபின் வண்டிக்கு முன்னால் போய் உட்கார்வாள். முன்வரிசையில், நிறைமாத வயிற்றோடு, பலகை போட்டு மீனம்மாள்.

"எந்திரி மீனா. இது சட்டவிரோதக் கூட்டம், கலைஞ்சு போகணும்," என்றார் ஆத்மநாதன்.

"வாயால எச்சரிச்சுட்டீங்க. அடுத்தது தமுக்குத்தானே? போயி எடுத்தாங்க. வரும்போது அங்கிட்டு தோப்புல ரெண்டு எளனி வெட்டியாங்க, தொண்டை வறளுது."

தமுக்கும் வந்தது, இளநீரும் வந்தது. யார் உயிருக்கும் ஆபத்தில்லை, ஆகவே சுட விதியில்லை என்று ஆத்மநாதன் மேலே சொல்லியனுப்பினார். பதில் வருவதற்குள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்துவிட்டது. காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, ரத்தம் சிந்தக் கூடாது, கல்யாணம் கூடாது, அடுப்பில் எதையும் தாளிக்கக் கூடாது. எல்லைக்குள் ராத் தங்குகிற ஒருவரையும், ஒரு மாட்டையும் விடாமல் கட்டியாக வேண்டும். பூசாரி திருப்பதி மஞ்சள் கயிற்றோடு சிப்பாய்களிடம் வந்தபோது அவர்கள் காவல் நின்றார்கள்; காவல் நிற்பவன் துப்பாக்கியிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பது படை விதி. ஆளை விடக் கூடாது என்பது அம்மன் விதி. யாருக்கும் குற்றம் வராமல் இருக்கட்டும் என்று திருப்பதி துப்பாக்கிக் குழல்களிலேயே காப்பைக் கட்டிவிட்டுப் போனார். அதைத் தடுக்கும் விதி எதுவும் ஆத்மநாதனுக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் கேப்டன் காரில் வந்து இறங்கினார். கார் சத்தம் கேட்டுப் பெண்கள் எழுந்து கைகோத்து நின்றார்கள். அவர் எச்சரிக்கவில்லை, தமுக்கைத் தேடவில்லை. நேராகச் சுடச் சொன்னார்.

"சார், எச்சரிக்கை இன்னும் முடியலைங்க, கொடி காட்டணும். அவங்க கையில ஒரு குச்சிகூட இல்லைங்க," என்றார் ஆத்மநாதன். வேலை போய்விடும் என்றார் கேப்டன். ஆத்மநாதன் ஒன்றும் வீரன் இல்லை. ஆனாலும் விதிக்கு மாறான உத்தரவை ஏற்க வேண்டாம் என்பதும் விதிதான். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு நடந்துபோய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிப்பாய்கள் இளசுகள், உத்தரவுக்குப் பயந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள்.

தோட்டாக்கள் வெளியே வந்தன. பெண்களுக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும் நின்றுவிட்டன. காப்புக் கட்டிய துப்பாக்கி, வேறென்ன செய்யும் என்றார் திருப்பதி. மீனம்மாள் தன் வயிற்றுக்கு நேரே நின்றதைத் தொட்டுப் பார்த்து, வறுத்த கடலை மாதிரிச் சுடுகிறது என்றாள். அவள் இங்கிட்டு நகர்ந்தால் அதன் மூக்கும் இங்கிட்டுத் திரும்பியது, அங்கிட்டு நகர்ந்தால் அங்கிட்டு. அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது: காப்பை அவிழ்க்கிற அன்றைக்கு இவை மிச்ச வழியையும் போய்ச் சேரும். அன்று சாயங்காலமே மீனம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழகி என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே காப்பை அவிழ்க்கவில்லை, திருவிழாவும் முடியவில்லை. கேப்டனுக்குக் காப்பு இல்லாததால் அவர் போய்விட்டார். சுட்டும் போய்ச் சேராத தோட்டாக்களை என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லாததால் மேலிடம் வாயே திறக்கவில்லை. சிப்பாய்கள் எல்லை தாண்ட முடியாமல் கண்மாயைத் தூர்வாரினார்கள். வண்டிமாடுகளுக்கும் காப்பு இருந்ததால் நெல் இறக்கப்பட்டு, விதையாகி, அடுத்த மழையில் விளைந்தது. வருஷம் முழுக்கக் கும்மி, வருஷம் முழுக்க முளைப்பாரி. கொட்டுக்காரர்கள் முறை வைத்துத் தூங்கினார்கள். அவ்வளவு சந்தோஷமான ஊர் அந்தச் சீமையிலேயே இல்லை. ஆனால் தாளிக்காத குழம்பையே தின்று ஊருக்கு நாக்குச் செத்துவிட்டது. சிப்பாய் மதுரைவீரனும் காத்தாயி மகள் சொர்ணமும் கிணற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நின்று ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மீனம்மாள் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் பாதையில் அந்தத் தோட்டாவின் மூக்கு அவளோடு திரும்புவதை ஆத்மநாதன் பார்ப்பார்.

1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. பங்குனி பிறந்ததும் மதுரைவீரன் ஆத்மநாதனிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, எத்தனை வருசந்தான் திருவிழாக் கொண்டாடுறது? எனக்குத் தலை நரைக்குதுண்ணே."

ஆத்மநாதன் ராத்திரியெல்லாம் விதிகளை மனதுக்குள் புரட்டினார். விடிந்தபோது உடுப்பை அணிந்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு வண்டிப்பாதைக்கு வந்தார். மீனம்மாளுக்கும் அவள் தோட்டாவுக்கும் நடுவே நின்றார். ஊரில் ஆயுதமாய்க் கூடி உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிற கூட்டம் இது ஒன்றுதான் என்று அவருக்குத் தெளிவாகியிருந்தது.

"இது சட்டவிரோதக் கூட்டம். தயவுசெஞ்சு கலைஞ்சு போங்க," என்று தோட்டாக்களைப் பார்த்து மரியாதையாகவே சொன்னார். தமுக்கடித்து மறுபடி சொன்னார். கொடி கிடைக்காததால் அழகியின் சிவப்புப் பாவாடையை ஆட்டி மூன்றாம் தடவை சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அவுத்துருங்க பூசாரி" என்றார். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கயிறுகள் விழுந்தன. தோட்டா அவர் சட்டைப் பொத்தானைத் தொடும்வரை வந்தது, நின்றது, யோசித்தது, திரும்பியது. அதைப் பார்த்து மற்றவையும் திரும்பின. சந்தை கலைகிற மாதிரிதான் கலைந்தன. சில அவசரமாக, சில திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. காத்தாயியின் கொடிக்கயிறு மட்டும் பாதையில் கிடந்தது. மீனம்மாள் ஊரே பார்க்கிறது என்ற கூச்சம்கூட இல்லாமல் புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள்.

மத்தியானத்துக்குள் வீடு வீடாகக் கடுகு வெடித்தது. சத்தம் கேட்டுச் சிப்பாய்கள் குப்புறப் படுத்து, பிறகு வெட்கப்பட்டு எழுந்தார்கள். தோட்டாக்கள் குன்றாண்டார்கோவில் மலைப்பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், இலுப்பூர்ப் பக்கம் என்றார் இன்னொருவர். யாரும் தேடிப் போகவில்லை. ஊருக்கு அன்று கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது.