முப்பத்து நான்கு சிவப்புக் கோடுகள்

எங்கள் அன்னாசித் தோட்டத்து வாய்க்காலில் ஒரு பாக்காவ் மரக்கட்டை நிற்கிறது. அதில் முப்பத்து நான்கு சிவப்புக் கோடுகள் இருந்தன. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

“தண்ணி செவப்புக் கோட்டுல நிக்கணும் கஸ்தூரி, மறந்துடாத” என்றார் அப்பா, மருத்துவமனைக் கட்டிலில். உலகத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு இருப்பதுபோலச் சொன்னார். மறுநாள் கண்ணை மூடிவிட்டார். எண்பத்தொரு வயது. அதில் நாற்பத்து மூன்று வருஷம் பெக்கான் நானாஸ் ஊரில், இந்த மூன்று ஏக்கரில் கழிந்தது.

இங்கே மண் கம்புட் மண். மக்கிய இலையும் வேரும் சேர்ந்த கறுப்பு மண், வடிகட்டிய தேயிலைச் சக்கை மாதிரி இருக்கும். தண்ணீர் ஏறினால் அன்னாசி வேர் அழுகும். ரொம்ப இறங்கினால் மண் காய்ந்துபோகும். ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் மண்ணே தீப்பிடிக்கும். அதனால் பாரிட் என்று நாங்கள் சொல்லும் இந்த வாய்க்காலின் வாயில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருப்போம். பலகையை எடுத்தால் தண்ணீர் இறங்கும், போட்டால் ஏறும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நான் பழுதுபார்க்கும் குழாய்களைவிட எளிய அமைப்பு.

நான் பார்த்தபோது தண்ணீர் மிகச் சரியாக ஒரு கோட்டில்தான் நின்றது. ‘அப்பா வைத்த அளவு’ என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். பத்தே நாளில், அவர் கடைசியாக நட்ட நாலாயிரம் கன்றுகளின் இலைகள் சிவந்துவிட்டன. ஒன்றைப் பிடுங்கினேன். இழுக்காமலே வந்தது, வேர் இல்லை.

தெப்ராவிலிருந்து அண்ணன் அர்ச்சுனன் வந்து பார்த்தார்.

“பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள இந்தத் தண்ணிய அடக்கு. முடியலன்னா வித்துடலாம். ஆள் ரெடியா இருக்கான்.”

“எந்தக் கோடுன்னு தெரிஞ்சா அடக்கிடுவேன்ணே.”

“அப்பா கோடு போட்டது தண்ணிக்கா? நான் பரீட்சையில ஃபெயிலானதுக்கு.”

“அதுக்கு அந்தக் கட்டை பத்தாது லா” என்றேன்.

பக்கத்துத் தோட்டத்துச் சோமு, அவை அப்பா அடித்த பாம்புகளின் கணக்கு என்று சத்தியம் செய்தார். அம்மா புஷ்பவள்ளி மட்டும் கொஞ்சம் உபயோகமாகப் பேசினார்.

“வருஷா வருஷம் பொங்கலன்னிக்குப் பானை பொங்குறப்பதான் உங்கப்பா பெயிண்ட் டப்பாவோட பாரிட்டுக்குப் போவாரு. ‘பொங்கலோ பொங்கல்’னு நான் ஒருத்திதான் கத்துவேன். அவரு அழிஞ்ச கோட்டப் பூசிட்டு வர்றாருன்னு விட்டுட்டேன்.”

“நீங்க கேக்கவே இல்லயா?”

“கேட்டா வெளக்குவாருடி. சோறு ஆறிடும்.”

அப்பாவுக்கு வாய்க்கால்தான் முதல் பிள்ளை. அண்ணன் கல்யாணத்தன்று வானம் இருட்டியதும் மேடையேறி, “ஐயரே, மழ வருது, தாலிய இப்பவே கட்டச் சொல்லுங்க, நான் பலகை எடுக்கணும்” என்றவர் அவர். கல்யாணப் படங்கள் எதிலும் அப்பாவின் முகம் இல்லை. அவர் இருக்கிற ஒரே படத்தில் அவருடைய முதுகு, மோட்டார் சைக்கிளில்.

சரி, கோட்டுக்கு வருவோம். கரையில் நின்றால் மேல் கோடு என் இடுப்புக்கும் மேலே இருந்தது. அதுவரை தண்ணீர் விட்டால் அன்னாசிக்குப் பதில் மீன் வளர்க்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை இறக்கவும் பயம். ஒருமுறை நன்றாகக் காய்ந்த கம்புட் மண் மறுபடி தண்ணீர் குடிக்காது.

பதினான்காம் நாள், அப்பாவின் தங்கை சந்திரமதி அத்தை குளுவாங்கிலிருந்து வந்தார். முழங்கால் வலிக்காரர். வாசல் படி ஏறி, நடுவில் உட்கார்ந்து, மேலே நின்ற அம்மாவைத் திட்ட ஆரம்பித்தார்.

“அண்ணி, இது வீடா பத்துமலைக் கோயிலா? குடி போனப்ப மூணே மூணு படி. நாந்தான் பால் சொம்பத் தூக்கிட்டு ஏறுனேன். இப்ப பதினொண்ணு! நாத்தனா வரக்கூடாதுன்னே கட்டுனீங்களா?”

“உங்க அண்ணந்தான் அடியில அடியில ஒண்ணு சேத்துக்கிட்டே போனாரு. நான் என்னத்தக் கண்டேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் படிகளைப் பார்த்தேன். மேலே மூன்று பலகைப் படிகள். கீழே எட்டு, எல்லாம் சிமெண்ட், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அதாவது ஒவ்வொரு காலத்தில் கட்டியவை. கீழே புதிய படி ஏன் தேவைப்பட்டது? வீடு மேலே போகவில்லை. மண்தான் கீழே போயிருக்கிறது.

தண்ணீர் வடித்த கம்புட் மண் மக்கி மக்கி வருஷத்துக்கு இரண்டு விரல் தாழும். தரைக்கு மேலே வீட்டைத் தாங்கும் தூண்களோ கறுப்பு மண்ணைத் தாண்டிக் கெட்டிக் களிமண்ணில் ஊன்றியவை, அசையாது. வாய்க்கால் கட்டையும் அப்படித்தான். தோட்டம் இறங்க இறங்க, அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கோட்டையும் இறக்கியிருக்கிறார். இடுப்புக்கு மேலே இருந்தது அவருடைய முதல் வருஷம்.

நாற்பத்து மூன்று பொங்கல், முப்பத்து நான்கு கோடு. மீதி ஒன்பது எங்கே?

ஓடிப்போய் வாய்க்காலில் இறங்கினேன். “அலமாக்! காரியத்துக்கு முன்னாடி பாரிட்டுல எறங்குறாளே!” என்று அத்தை படியிலிருந்தே கத்தினார். தண்ணீருக்குள் கையை விட்டுக் கட்டையைத் தடவினேன். கத்தியால் கீறி அதன்மேல் பெயிண்ட் பூசியிருந்தார்; விரலுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று… ஒன்பது. அப்பா மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் பெய்த மழை அவற்றை மூடிவிட்டது. நான் கும்பிட்டது ஒன்பது வருஷப் பழைய கோட்டை.

“அண்ணே, பலகை எடுங்க!”

அர்ச்சுனன் சட்டையைக் கழற்றாமலே இறங்கினார். இரண்டு பலகை வந்ததும் கோடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஒன்பதாவது தெரிந்ததும் நிறுத்தினோம். அளவு நாடாவைப் பிடித்தேன். மண்ணிலிருந்து தண்ணீர் சரியாக ஒன்றரை அடி கீழே.

பதினாறாம் நாள் காலையில் அண்ணன் தோட்டத்துக்குள் நடந்து பார்த்தார். மண் மிதித்தால் பிதுங்கவில்லை. திரும்பி வந்து கைப்பேசியை எடுத்து, “தோட்டம் விக்கிறதா இல்லப்பா” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என்னிடம், “எப்படின்னு ஒரு தடவ சொல்லு, நானும் பாத்துக்கிறேன்” என்றார்.

சொன்னேன். பொங்கலுக்குப் பொங்கல், மண்ணிலிருந்து ஒன்றரை அடி கீழே அளந்து, கட்டையைக் கீறிப் புதுக் கோடு போட வேண்டும். தண்ணீர் எப்போதும் ஆகக் கீழே இருக்கும் கோட்டில் நிற்க வேண்டும்.