பொபெஸ்கு வீட்டாரை விசாரித்த கதை

மாப்பிள்ளை விசாரிப்பதில் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துத் தவராஜாவை அடிக்க ஆளில்லை. எந்த ஊர், யாருடைய மகன் என்று தெரிந்தால் போதும். நாலு இடத்துக்குப் போன் போட்டு, பையனின் பூட்டன் குடித்த சுருட்டு வரைக்கும் அறிந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் மகள் அபிதா, அந்திரேய் பொபெஸ்கு என்ற ருமேனியாக்காரனை விரும்புவதாகச் சொன்னாள். அப்பா ஓம் சொன்னால்தான் கலியாணம் என்றும் சொன்னாள். மனிதர் சும்மா இருப்பாரா? உடனே போனை எடுத்தார்.

"பொபெஸ்குவோ? எனக்குப் பல்லுக் கட்டினதே அவர்தான். தங்கமான மனிசன்," என்றார் டொரண்டோ மைத்துனர் நித்தியானந்தன்.

மிலானில் இருந்த தங்கை தவமலர் குரலைத் தாழ்த்தினாள். "எங்கடை மேல்மாடியிலை ஒரு பொபெஸ்கு இருக்கிறார் அண்ணை. மூண்டு கலியாணம். போன கிழமை மூண்டு பேரும் ஒண்டா வந்து வாசல்லை நிண்டவையள்."

பாரிஸில் மச்சான் வீட்டுக்கு வந்த பொபெஸ்குவோ, குளியலறைக் குழாயைக் கழற்றிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனவர், இன்னும் திரும்பவில்லையாம்.

தவராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்திரேய் பூங்கொத்தோடு வந்து உட்கார்ந்ததும் டேனிஷில் நேராகவே கேட்டார். "மிலானில் இருக்கும் உங்கள் சித்தப்பா இப்போது எந்த மனைவியோடு இருக்கிறார்?"

அந்திரேய் திருதிருவென்று விழித்தான். பிறகு பொறுமையாக விளக்கினான். பொபெஸ்கு என்றால் பாதிரியார் வழிவந்தவர். அவன் நாட்டில் ஊருக்கு ஊர் பாதிரியார், அவர்களுக்கு மனைவி மக்களும் உண்டு. அந்த வம்சங்கள் பெருகி, வேலை தேடி இத்தாலி, பிரான்ஸ், கனடா என்று போய்விட்டன. "அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது."

"ஒரே குடும்பப்பெயராம், ஆனா ஆளைத் தெரியாதாம்," என்று தவராஜா மனைவி சரோஜினிதேவியிடம் தமிழில் முணுமுணுத்தார்.

அந்திரேய் தொண்டையைச் செருமினான். "அம்மாவும் ஒன்று கேட்டுவரச் சொன்னார். அபிதாவின் குடும்பப்பெயர் தவராஜா அல்லவா? லண்டனில் என் பெரியம்மாவின் தெருவில் ஒரு தவராஜா, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஓடிவிட்டாராம். அவர் உங்கள் அண்ணனா?"

தவராஜாவுக்கு முகம் சிவந்தது. "அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு தவராஜா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

அபிதா சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரோஜினிதேவி வடைத் தட்டை மெல்ல அந்திரேய் பக்கம் தள்ளிவைத்தாள்.

தவராஜா ஒரு வடையை முழுசாகத் தின்று முடிக்கும்வரை யோசித்தார்.

"சரி பிள்ளை, கட்டு," என்றார் மகளிடம். "மிலான்காரனும் பாரிஸ்காரனும் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. ஆனா அந்தப் பல்லு டொக்டரை விடேலாது. அவருக்குத்தான் முதல் கலியாணக் காட் போகவேணும்."