பதினோராவது பல்

பாட்டுப் பெட்டியின் பதினோராவது பல் உடைந்த செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் தெருவிலிருந்து ஒரு ஸ்வரம் காணாமல் போனது. பள்ளிக்கூட மணியின் நாக்கு ஆடியது, சத்தம் வரவில்லை. டீக் கெண்டிகள் விசில் இல்லாமல் கொதித்தன. தபால்காரர் சைக்கிள் மணியைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, எண்ணெய் விட வேண்டும் போல என்று மாட்டிக்கொண்டார்.

உடைத்தவள் தையல் மெஷின் பழுது பார்ப்பவள். தம்பிக்குப் பெண் பிறந்ததும், சாவி கொடுத்தால் தானாகப் பாடும் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்வது என்று இறங்கினாள். கட்டம் போட்ட தாளில் ஒரு தாலாட்டைப் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிக்கு ஒன்றாகப் பித்தளை உருளையில் நூற்று நாற்பது ஊசி அடித்தாள். உருளை சுற்றும்போது ஊசிகள் மீட்டுவதற்காக எஃகுத் தகட்டைச் சீப்புப் போலப் பதினெட்டுப் பல்லாக அறுத்தாள். பதினோராவது மட்டும் சுருதி சேரவில்லை. அரத்தால் இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். போயிற்று.

மூன்று மாதக் குழந்தை அழுவது அந்த ஸ்வரத்தில்தான் என்பது மதியம் தெரிந்தது. தம்பி மனைவி துணி உலர்த்திவிட்டு வந்தபோது குழந்தை போர்வையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுததோ. மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் கேட்டபின் பயம் இரட்டித்தது. குழந்தை கண்ணில் படாத நொடியே இருக்கக் கூடாதென்று அவளும் புருஷனும் முறை வைத்துக் கண் சிமிட்டினார்கள் என்று தெருவில் இன்றும் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

பழுது பார்ப்பவள் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. புதுப் பல்லாக ஐந்து செய்தாள். அரம் போடப் போட ஒலித்துக்கொண்டிருந்த எஃகு, அந்த ஸ்வரத்தை நெருங்கியதும் ஊமையாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ராவுவது என்று காது சொல்லாது. பத்தாம் நாள் தம்பி மனைவியிடம் போய் நின்றாள்.

“நான்தாம்மா உடைச்சேன்.”

“எப்பத்திலிருந்து தெரியும் அண்ணி?”

“அன்னைக்கே.”

“இவ நீலமாக் கிடந்தப்பவுமா?”

தம்பி மனைவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “அழும்போது நெஞ்சு அதிருது. கையை வெச்சுப் பாருங்க. காது எதுக்கு?”

குழந்தை அழ வேண்டுமே. அதனால் பால் கொடுக்காமல் காத்திருந்தார்கள். தாயின் ரவிக்கை நனைந்து வழிந்தது. குழந்தை சத்தமின்றிக் கதறியது. பழுது பார்ப்பவள் ஒரு கையை அதன் நெஞ்சில் வைத்து, புது எஃகுப் பல்லைத் தன் வாய்ப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டு, மறு கை நகத்தால் மீட்டினாள். தாடையில் வந்த அதிர்வு நெஞ்சின் அதிர்வை விட வேகம். ராவினாள், மீட்டினாள். ராவிய எஃகு திரும்பி வராது என்பதால் ஒவ்வொரு இழுப்பையும் மயிரிழையாகவே இழுத்தாள். பிஞ்சு முகம் கறுத்துக்கொண்டே போனது.

“போதும் அண்ணி, விடுங்க.”

“இன்னும் ஒரு இழுப்பு.”

வீடு அதிரும்படி அழுகை வெடித்தது. தெருவின் கெண்டிகளெல்லாம் ஒன்றாக விசிலடித்தன. தாய் பால் கொடுக்க மறந்து, கேட்டுக்கொண்டே நின்றாள்.

அந்தக் கடைசி இழுப்பு ஒரு இழை அதிகம். ஸ்வரம் சற்றுத் தாழ்ந்துதான் திரும்பியிருந்தது. தம்பி மனைவி அவளை மறுபடி அண்ணி என்று கூப்பிட இரண்டு வருஷம் ஆனது. வெளியூர் வாத்தியக்காரர்கள் இப்போதும் அந்தத் தெருமுனையில் நின்று, கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.