மாப்பிள்ளை கடை

...இதோடு சரி, இதற்கு மேல் யார் வந்து நின்றாலும் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டியதுதான், சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணாடி அலமாரியில் ரொட்டி அடுக்கடுக்காகத் தெரிகிறது, ஒரு துணியைப் போட்டு மூடினால் 'என்ன மாப்பிள்ளை, ரொட்டிக்குக் குளிருதா' என்று கேட்பார்கள்... வெண்ணெயை அழுத்தித் தடவியதில் ரொட்டி கிழிந்துவிட்டது, அவருக்குச் சுர்ரென்று வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாப்பிள்ளையாம் மாப்பிள்ளை. ஐம்பது தாண்டி, முன்மண்டையில் முடி போய், படி ஏறினால் முழங்கால் பேசுகிறது, இன்னும் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் மாமனார் கல்லாவில் உட்கார்ந்தபடி 'இவர்தான் நம்ம மாப்பிள்ளை' என்று ஒரே ஒரு தடவை சொன்னார், தெரு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட 'மாப்பிள்ளை, சீஸ் கூடப் போடுங்க' என்கின்றன, பலகையில் எழுதியிருக்கும் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. மனைவி இந்தக் கடைக்கு மேல்மாடியில் பிறந்தவள், தெருவுக்கு அவள் அன்றும் இன்றும் பாப்பாதான். அந்தப் பாப்பா இப்போது ஊரின் அந்தக் கோடியில் அவளுடைய அக்கா வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு சாயங்கால ரயிலுக்குக் காத்திருக்கிறாள்.

'நாலு மணிக்குள்ள வாங்க, பேசலாம். வரலன்னா நான் கிளம்பிடுவேன். கோபமா சொல்லல' என்றாள் நேற்று போனில். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் விடாமல் காதில் ஓடுகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அவளுடைய கோபம் அவருக்குப் பழக்கம், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். இது அப்படி இல்லை. வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலறைப் பொறுப்பு கிடைத்திருக்கிறது அவளுக்கு, தங்க அறை தருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை என்பதை அவள் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாளா, அல்லது அவருக்குத்தான் அப்படிக் கேட்டதா... சரி, கிளம்பிவிடலாம், பஸ் பிடித்தால் அரை மணி, இப்போதே கிளம்பினால் தாராளம், ஆனால் எப்படிக் கிளம்புவது, பின்சுவரில் பார், வரிசையாக ஆணி, ஆணிக்கு ஆணி சாவி, தெருவில் பாதி வீட்டுச் சாவி இங்கேதான் தொங்குகிறது. மூன்றாம் மாடி நர்ஸ் டியூட்டிக்கு ஓடும்போது 'மாப்பிள்ளை, குழாய் ரிப்பேருக்கு பிளம்பர் வருவாரு, சாவியக் குடுத்துருங்க' என்று நீட்டிவிட்டுப் போனாள். பிளம்பரோ வருகிறேன் வருகிறேன் என்று காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார். கல்லாவுக்குக் கீழே யாருக்கோ வந்த இரண்டு பார்சல், ஒரு குடை, கண்ணாடிக்கடையில் கொடுக்க வேண்டிய உடைந்த மூக்குக்கண்ணாடி. இது சான்ட்விச் கடையா, சாமான் வைக்கிற கிடங்கா? எல்லாருக்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது, எனக்கு ஒரு மத்தியானம் கிடைக்காதா என்று மனசுக்குள் கத்தினார், வெளியே பார்த்தால் தக்காளியைப் பதவிசாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

தக்காளியை அவள் இதைவிட மெல்லிசாக நறுக்குவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நறுக்கினாள்... சிநேகிதியின் மகள் கல்யாணத்துக்குக் கிளம்பி, புதுத் தோடு போட்டுக்கொண்டு, உள்ளறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், ஷட்டரை இறக்கப் போன நேரத்தில்தான் பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்து நின்றார்கள், விளையாட்டு விழாவாம், சொல்லி வைத்திருந்த சாப்பாடு வரவில்லையாம், பிள்ளைகள் பட்டினியாம், 'நீங்கதான் காப்பாத்தணும் மாப்பிள்ளை' என்றார்கள். பிள்ளைகள் பட்டினி என்றால் என்ன செய்ய முடியும்? உள்ளே எட்டிப் பார்த்து 'அரை மணி' என்றார். அவள் தோட்டைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று நறுக்க ஆரம்பித்தாள், பொழுது சாய்கிற வரைக்கும் நறுக்கினாள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம், கத்தியை வீசியெறிந்திருந்தால்கூட இவருக்குப் புரிந்திருக்கும். மறுநாள் காலையில் பெட்டியோடு படியிறங்கும்போதுதான் சொன்னாள், 'எங்கப்பாவுக்கு இந்தக் கடை இருந்துச்சு, நாங்க இல்ல. உங்களையும் அப்படிப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியாதுங்க.' அவர் அப்போது யாருக்கோ மிச்சச் சில்லறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் முனை திரும்பிவிட்டாள்.

'இந்தத் தெருவுக்கே இந்தக் கடைதான் உசிரு, மாப்பிள்ளை' என்று அந்நேரம் பார்த்து ஆரம்பித்தார் மேனேஜர் சார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சுவரோர மேஜை அவருடையது மாதிரி, ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் நடுவில் ஒரு கதை வைத்திருப்பார். 'புதுசா வந்த கடையில என்னென்னமோ போடறான், ஆனா உங்க கை வருமா? நீங்க நல்லா இருக்கணும்.' நல்லா இருக்கணும்! போன வருஷம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது தெருவே மாடிக்கு வந்தது, பழம் கொண்டுவந்தார்கள், மாத்திரை கொண்டுவந்தார்கள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், கடைசியில் ஆளுக்கொரு தடவை வாசலில் நின்று 'கடை எப்ப திறப்பீங்க' என்று கேட்டார்கள். அன்பு இல்லை என்று சொல்ல முடியுமா, சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பாப்பா போய் எத்தனை நாளாயிற்று, 'பாப்பாவக் காணோமே' என்று கேட்டவர்களிடம் 'அக்கா வீட்டுக்குப் போயிருக்கா' என்றால் 'அப்படியா' என்று தலையாட்டிவிட்டு வெங்காயம் வேண்டாம் என்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா? தெரிகிற மாதிரி நீ முகத்தை வைத்துக்கொண்டாயா? மேனேஜர் சார் இன்னும் பாதிகூடச் சாப்பிடவில்லையே, எழுந்து போங்கள் சார் என்று எப்படிச் சொல்வது...

பிளம்பர் ஒருவழியாக வந்தார். 'மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, ஒரு வீட்ல மாட்டிக்கிட்டேன்' என்று சாவியை வாங்கிக்கொண்டு படியேறினார். அவருடைய காலடிச் சத்தத்துக்கே விழித்துக்கொண்ட மாதிரி மேனேஜர் சாரும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கடை காலியாகிவிட்டது. மணி மூன்றரைகூட ஆகவில்லை. அப்பாடா என்று இருக்க வேண்டும், இல்லை, என்னவோ படி இறங்கும்போது ஒரு படி குறைந்துபோன மாதிரி இருந்தது அவருக்கு. எதிர்க்கடைத் தையல்கார அக்கா கழுத்தில் டேப்போடு வாசலில் வந்து நின்றாள். 'இன்னும் கிளம்பலையா மாப்பிள்ளை? காலையிலேர்ந்து போகணும் போகணும்னு பொலம்பிக்கிட்டு இருந்தீங்களே. நர்ஸ் பொண்ணுகூடச் சொல்லுச்சே, அவசரம்னா சாவிய எதிர்க்கடை அக்காகிட்ட குடுத்துடுங்கன்னு. நீங்கதான் வேணாம், நான் இருக்கேன்னு சொல்லிட்டீங்களாம்.' ஆமாம், சொல்லியிருந்தாள், சாவியை நீட்டும்போதே சொன்னாள், அவர்தான் வாங்கி ஆணியில் மாட்டினார். 'நீங்க போங்க, ஷட்டர நான் இறக்கிக்கறேன்' என்றாள் அக்கா. இதைக் கேட்டதும் அவருக்கு ஏன் இப்படிக் கோபம் வருகிறது, உதவிதானே செய்கிறாள், இவ்வளவு நேரம் இதற்குத்தானே தவித்தாய்?

'நீங்க மத்தியானம் சாப்பிட வரலையே அக்கா' என்றார். 'ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போயிடறேன், ரெண்டே நிமிஷம்.' 'எனக்குப் பசிக்கல, நீங்க கிளம்புங்க' என்றாள் அவள். அதற்குள் கை ரொட்டியை எடுத்துவிட்டது, வெண்ணெய் தடவியாயிற்று, வெள்ளரிக்காயை வரிசையாகப் பரப்பி மூடி, மாமனார் காலத்து டோஸ்ட் மெஷினுக்குள் வைத்து டைமரைத் திருகியும் ஆயிற்று, கையைப் பார்த்தார், தன்னுடைய கை மாதிரி இல்லை. மேனேஜர் சார் மூன்று மணிக்கே எழுந்தார் இல்லையா... எழுந்தார், 'வரேன் மாப்பிள்ளை' என்றார், 'என்ன சார் அவசரம், இன்னொண்ணு சூடாப் போடறேன்' என்று உட்கார வைத்தது யார்? இங்கே வருகிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள், சீஸ் வேண்டும், ஓரம் வெட்ட வேண்டும், சாவியை வைத்திருக்க வேண்டும், அதைச் செய்துவிட்டால் முடிந்தது. அங்கே போனால் அவள் எதிரில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பாள். கேட்டால்? கடையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வராது. நீ போ என்றும் வராது. நடுவில் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அதை நினைத்துப் பார்த்திருக்கிறாயா? காலையிலிருந்து தெருவையே திட்டித் தீர்த்தாயே, தெருவில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உன்னைப் போகாதே என்றானா?

கல்லாமேல் போன் அதிர்ந்தது. 'பாப்பாதான், எடுங்க' என்றாள் அக்கா, அவர் கையெல்லாம் வெண்ணெய் என்று காட்ட, அவளே எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள். 'எங்க இருக்கீங்க?' என்றது மனைவியின் குரல். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. 'கிளம்பிட்டேன்' என்றார் அவர். தடங்கலே இல்லாமல் வந்தது. 'பஸ்லதான் இருக்கேன்' என்றும் சேர்த்துச் சொன்னார். அப்போது மெஷின் டிங் என்றது, சான்ட்விச் ஆகிவிட்டதற்கான அந்த ஒற்றை மணிச் சத்தம், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சத்தம், ஊரில் எத்தனை மெஷின் இருந்தாலும் அவளுக்கு இது தெரியும். ஏதாவது சொல், இப்போதாவது வாயைத் திற, பொய் சொன்னேன், பயமாக இருக்கிறது, அதையாவது சொல்லித் தொலை...

'சரி' என்றாள் அவள், 'பாத்து வாங்க.' போன் வைக்கப்பட்டது. தையல்கார அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் போனைக் கல்லாமேல் வைத்துவிட்டு, ஷட்டர் இழுக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். அவர் இன்னும் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்.